இணைக்கப்பட்ட மெய்நிகர் வட்டு

இணைக்கப்பட்ட மெய்நிகர் வட்டு என்பது, ஏற்கெனவே உள்ள ஒரு மெய்நிகர் வட்டை அடிப்படையாகக் கொண்டு, அதிலிருந்து மாறுபடும் தரவை மட்டும் தன்னுள் சேமிக்கும் வட்டுக் கோப்பு ஆகும். அடிப்படையாக அமையும் வட்டு தாய் வட்டு என்றும், மாற்றங்களை ஏற்கும் வட்டு சேய் வட்டு என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரே தாய் வட்டைப் பல சேய் வட்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். அவ்வாறு பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொரு சேய் வட்டும் தன்னைப் பயன்படுத்தும் மெய்நிகர் இயந்திரத்துக்கு முழுமையான தனி வன்வட்டாகவே தோன்றும்.

மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி மென்பொருளில் இது டிஃபரன்சிங் டிஸ்க் எனப்படுகிறது. விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றில் இம்முறையில் உருவாக்கப்படும் இயந்திரம் லிங்க்டு குளோன் எனப்படுகிறது. கியூஎமுவில் தாய் வட்டு பேக்கிங் ஃபைல் என்றும் சேய் வட்டு ஓவர்லே என்றும் வழங்கப்படுகின்றன. பெயர்கள் வேறானாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை இயக்கிப் பார்க்கும் சோதனைக்கூடங்களில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. இதனால் சேமிப்பிடம் பெருமளவு மிச்சமாகிறது. ஆனால் சேய் வட்டு தாய் வட்டின்றி இயங்காது. தாய் வட்டில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அதைச் சார்ந்த எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் பயனற்றுப் போகலாம். ஆகவே இம்முறையைக் கையாள்வோர் மிச்சக் கணக்கோடு இந்தச் சார்பையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

தேவை

வலையமைப்பு நிர்வாகம், சேவையக நிர்வாகம், கணினிப் பாதுகாப்பு போன்றவற்றைக் கற்போருக்கு ஒரு கணினி போதாது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஒரு சேவையகம், கோப்புகளைப் பகிரும் ஒரு சேவையகம், தரவுத்தளச் சேவையகம் ஒன்று, இவற்றோடு இணையும் பயனர் கணினிகள் இரண்டு மூன்று என ஒரு சிறு அலுவலகத்தையே அமைத்துப் பார்த்தால்தான் பாடம் விளங்கும். மெய்நிகராக்கத் தொழில்நுட்பம் இவை அனைத்தையும் ஒரே கணினிக்குள் இயக்க இடம் தருகிறது. அவற்றைத் தாங்கும் உண்மையான கணினி புரவலர் கணினி எனப்படும்.

ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஓர் இயங்குதளம் தேவை. வரைகலை இடைமுகத்துடன் நிறுவப்பட்ட விண்டோஸ் சேவையகம் ஒன்று புதுப்பிப்புகளுடன் பத்து ஜிபிக்கும் மேற்பட்ட இடத்தை எடுத்துக்கொள்ளும். எட்டு இயந்திரங்களை நிறுவினால் ஒரே இயங்குதளக் கோப்புகள் எட்டு முறை வட்டில் பதிகின்றன. எட்டுப் பிரதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடோ கணினிப் பெயர், சில அமைப்புகள், கூடுதலாக நிறுவிய ஓரிரு மென்பொருள்கள் ஆகியவை மட்டுமே. 256 ஜிபி திடநிலை வட்டு கொண்ட ஒரு மடிக்கணினியில் பயிலும் மாணவருக்கு இந்த மீள்பதிவே பெருந்தடையாகிறது.

இடம் மட்டுமன்றி நேரமும் வீணாகிறது. பத்துப் பதினைந்து ஜிபி கோப்பை ஒவ்வொரு முறையும் படியெடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். சேய் வட்டை உருவாக்கச் சில நொடிகள் போதும், ஏனெனில் தொடக்கத்தில் அது ஏறக்குறைய வெறுமையான கோப்பு.

செயற்படும் விதம்

பள்ளியில் நிலவரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து வரையும் பயிற்சியோடு இதை ஒப்பிடலாம். கீழே உள்ள வரைபடம் ஒன்றுதான். அதன்மேல் ஒரு மாணவர் ஆறுகளைக் குறிக்கிறார். அவர் தாளை எடுத்தபின், இன்னொருவர் தம் தாளை வைத்து ரயில் பாதைகளைக் குறிக்கிறார். தாளோடு சேர்த்துப் பார்ப்பவருக்கு முழு வரைபடம் தெரியும். தாளில் மட்டும் பார்த்தால் தொடர்பற்ற சில கோடுகளே இருக்கும். கீழே உள்ள வரைபடத்தை யாரேனும் மாற்றிவிட்டால் தாள்களில் உள்ள கோடுகள் பொருளற்றவையாகிவிடும்.

மெய்நிகர் வட்டு சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்துக் கையாளப்படுகிறது. எந்தத் தொகுதி எங்குள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று சேய் வட்டுக் கோப்பில் இருக்கும். மெய்நிகர் இயந்திரம் ஒரு பகுதியைப் படிக்கக் கேட்கும்போது, மெய்நிகராக்க மென்பொருள் முதலில் சேய் வட்டின் அட்டவணையைப் பார்க்கும். அப்பகுதி சேய் வட்டில் இருந்தால் அங்கிருந்தே தரும். இல்லையெனில் தாய் வட்டிலிருந்து படித்துத் தரும். எழுதும்போது தரவு எப்போதும் சேய் வட்டுக்கே செல்லும். தாய் வட்டு ஒருபோதும் எழுதப்படுவதில்லை. கணினியியலில் இவ்வழி எழுதும்போது படியெடுத்தல் எனும் பொதுக் கருத்தைச் சார்ந்தது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க இரு விளைவுகள் உண்டு. முதலாவது, ஒரு கோப்பை அழிப்பதால் இடம் திரும்பக் கிடைப்பதில்லை. தாய் வட்டில் உள்ள கோப்பைச் சேய் இயந்திரத்தில் அழித்தால், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு சேய் வட்டில் எழுதப்படும். தாய் வட்டில் அக்கோப்பு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, சேய் வட்டு எதிர்பார்த்ததைவிட வேகமாக வளரலாம். கியூஎமுவின் க்யூகவ்2 வடிவத்தில் ஒரு தொகுதியின் இயல்பான அளவு 64 கேபி ஆகும். தாய் வட்டில் மட்டும் உள்ள ஒரு தொகுதியில் 4 கேபி மட்டும் மாறினாலும், எஞ்சிய 60 கேபியும் தாய் வட்டிலிருந்து படியெடுக்கப்பட்டு முழுத் தொகுதியும் சேய் வட்டில் பதியும். மைக்ரோசாப்டின் விஎச்டி வடிவத்தில் இயல்பான தொகுதி அளவு 2 எம்பி ஆகும். அங்கு ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பிட் வரைபடம் இருக்கும். 512 பைட்டு கொண்ட எந்தச் செக்டார் சேயில் உள்ளது, எது தாயில் உள்ளது என்பதை அது காட்டும். ஆயினும் இடம் ஒதுக்கப்படுவது 2 எம்பி கணக்கில்தான். சிதறிய சிறு எழுத்துகள் பல நிகழ்ந்தால் கோப்பு விரைவில் பெருப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

எழுதும்போது படியெடுத்தல் என்னும் உத்தி, மெய்நிகர் வட்டுகளுக்கு முன்பே யுனிக்ஸ் வகை இயங்குதளங்களின் நினைவக நிர்வாகத்தில் பயன்பட்டது. ஒரு நிரல் தன்னைப்போல் இன்னொன்றை உருவாக்கும்போது நினைவகம் முழுவதையும் உடனே படியெடுக்காமல், மாறும் பக்கங்களை மட்டும் மாறும் நேரத்தில் படியெடுப்பது அந்த உத்தி.

லினக்ஸ் கருவையே ஒரு சாதாரண நிரலாக இயக்கும் யூசர் மோட் லினக்ஸ் திட்டத்தில், பல இயந்திரங்கள் ஒரே கோப்பு முறைமையைப் பகிர்ந்துகொள்ள இத்தகைய கோப்புகள் பயன்படுத்தப்பட்டன. பேப்ரிஸ் பெல்லார்ட் உருவாக்கி 2003-இல் வெளியிடத் தொடங்கிய கியூஎமு இக்கருத்தைத் தன் சொந்த வட்டு வடிவத்தில் வளர்த்தெடுத்தது. க்யூகவ் என்னும் பெயரே, கியூஎமுவின் முதலெழுத்தையும் எழுதும்போது படியெடுத்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தையும் இணைத்து அமைந்தது.

விஎம்வேர் நிறுவனம் 1999-இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனை வெளியிட்டது. 2005-இல் வந்த அதன் 5-ஆம் பதிப்பில் லிங்க்டு குளோன் வசதி சேர்க்கப்பட்டது. மைக்ரோசாப்ட் 2003-இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்திடமிருந்து விர்ச்சுவல் பிசி மென்பொருளை வாங்கியது. அதனோடு வந்த விஎச்டி வட்டு வடிவம் பின்னர் ஹைப்பர்-வியிலும் தொடர்ந்தது. 2012-இல் விண்டோஸ் சர்வர் 2012 உடன் விஎச்டிஎக்ஸ் என்னும் புதிய வடிவம் அறிமுகமானது. விஎச்டியில் வட்டின் உச்ச அளவு ஏறத்தாழ 2 டிபி ஆக இருந்தது. விஎச்டிஎக்ஸில் அது 64 டிபி ஆக உயர்ந்தது. 2007-இல் வெளியான விர்ச்சுவல்பாக்ஸில், லிங்க்டு குளோன் வசதி 2011-இல் வந்த 4.1 பதிப்பில் கிடைத்தது.

இடக் கணக்கு

மிச்சமாகும் இடத்தை எளிய கணக்கால் அறியலாம். தாய் வட்டு 14 ஜிபி என்றும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாக உரிய தரவு 3 ஜிபி என்றும், இயந்திரங்கள் எட்டு என்றும் வைத்துக்கொள்வோம்.

முழுப் பிரதிகளாக வைத்தால் ஒவ்வொன்றும் 17 ஜிபி. எட்டுக்கும் சேர்த்து 136 ஜிபி தேவை. இணைக்கப்பட்ட வட்டுகளாக வைத்தால், தாய் வட்டு ஒரு முறை 14 ஜிபி, சேய் வட்டுகள் எட்டுக்கும் 24 ஜிபி, ஆக மொத்தம் 38 ஜிபி. மிச்சம் 98 ஜிபி. இது தாய் வட்டின் அளவை ஏழால் பெருக்கியதற்குச் சமம். அதாவது இயந்திரங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, தாய் வட்டின் அளவால் பெருக்கினால் தொடக்க மிச்சம் கிடைக்கும். ஒரே ஓர் இயந்திரம் மட்டும் இருந்தால் மிச்சம் ஏதுமில்லை.

இந்த மிச்சம் நிலையானதன்று. இயங்குதளப் புதுப்பிப்புகளை எட்டு இயந்திரங்களிலும் தனித்தனியே நிறுவினால், ஒரே புதுப்பிப்பு எட்டுச் சேய் வட்டுகளிலும் எட்டு முறை பதியும். சில மாதங்களில் ஒவ்வொரு சேய் வட்டும் 9 ஜிபி ஆகிவிட்டால் மொத்தம் 86 ஜிபி ஆகிவிடும். தாய் வட்டில் உள்ள பழைய கோப்புகளில் பலவற்றை யாரும் படிப்பதே இல்லை என்ற நிலையிலும் அவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதே புதுப்பிப்புகளை உள்ளடக்கி 16 ஜிபி அளவில் புதிய தாய் வட்டு ஒன்றைத் தயாரித்து, 3 ஜிபி கொண்ட சேய் இயந்திரங்களை அதன்மேல் மீண்டும் அமைத்தால் 40 ஜிபி போதும். ஆகவே இம்முறை, அடிக்கடி அழித்து மீண்டும் அமைக்கப்படும் குறுங்கால இயந்திரங்களுக்கே மிகவும் ஏற்றது.

வட்டுத் துண்டாக்கத்தைச் சீர்செய்யும் நிரலைச் சேய் இயந்திரத்தில் இயக்குவதும் மிச்சத்தைக் கரைக்கும். அந்நிரல் தரவை இடம் மாற்றி எழுதுகிறது. இடம் மாறிய ஒவ்வொரு தொகுதியும் சேய் வட்டுக்குப் புதிய எழுத்தே.

சோதனைக்கூடம் அமைத்தல்

ஹைப்பர்-வியில் விண்டோஸ் சேவையகச் சோதனைக்கூடம் ஒன்றை அமைக்கும் வரிசை பின்வருமாறு. ஹைப்பர்-வி, விண்டோஸ் சேவையகப் பதிப்புகளிலும், விண்டோஸ் 8 முதல் புரோ போன்ற பதிப்புகளிலும் கிடைக்கிறது. விண்டோஸ் சேவையகத்தின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள்களுக்குப் பயன்படுத்தக்கூடியது.

1. விரிவடையும் வகை விஎச்டிஎக்ஸ் வட்டுடன் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கி இயங்குதளத்தை நிறுவ வேண்டும்.

2. எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான புதுப்பிப்புகளையும் கருவிகளையும் இப்போதே நிறுவ வேண்டும். தற்காலிகக் கோப்புகளை நீக்க வேண்டும். இங்கு ஒரு முறை செய்யும் வேலை பின்னர் எட்டு முறை செய்வதைத் தவிர்க்கும்.

3. விண்டோஸுடன் வரும் சிஸ்பிரெப் கருவியைப் பொதுமையாக்கும் தெரிவுடன் இயக்கி, இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

4. நிறுத்திய இயந்திரத்தை மீண்டும் இயக்கக்கூடாது. ஹைப்பர்-வி மேலாளரில் அந்த இயந்திரத்தை நீக்கிவிடலாம். இயந்திரத்தை நீக்கினாலும் வட்டுக் கோப்பு அழியாது.

5. வட்டுக் கோப்பைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, படிக்க மட்டும் என்னும் பண்பை இட வேண்டும். இயங்குதளத்தின் பெயரும் தயாரித்த மாதமும் தெரியும்படி கோப்புக்குப் பெயரிடுவது நல்லது. பெயரையும் இடத்தையும் சேய் வட்டுகளை உருவாக்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

6. புதிய வன்வட்டு வழிகாட்டியில் டிஃபரன்சிங் வகையைத் தெரிந்து, தாய் வட்டின் இருப்பிடத்தைக் காட்டிச் சேய் வட்டை உருவாக்க வேண்டும். தாய் வட்டு விஎச்டிஎக்ஸ் ஆனால் சேய் வட்டும் விஎச்டிஎக்ஸ் ஆகவே இருக்க வேண்டும்.

7. புதிய மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கும்போது, ஏற்கெனவே உள்ள வட்டைப் பயன்படுத்துக என்னும் தெரிவில் சேய் வட்டைக் காட்ட வேண்டும். தேவையான அளவு இயந்திரங்களுக்கு 6, 7 ஆகிய படிகளைத் திரும்பச் செய்யலாம்.

சோதனை கெட்டுவிட்டால் அந்த இயந்திரத்தின் சேய் வட்டை மட்டும் அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால் போதும். தவறு செய்யத் தயங்காமல் கற்பதற்கு இது மாணவருக்கு வழி தருகிறது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் மூல இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து லிங்க்டு குளோன் உருவாக்கப்படுகிறது. மூல இயந்திரத்தை வார்ப்புரு நிலையில் வைத்தால், குளோன்கள் சார்ந்துள்ள ஸ்னாப்ஷாட் தவறுதலாக அழிக்கப்படாமல் காக்கப்படும். விர்ச்சுவல்பாக்ஸிலும் லிங்க்டு குளோனுக்கென மூல இயந்திரத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் தானாகவே உருவாகும். மேலும் அதில் மாறா வட்டு என்னும் வகை உண்டு. அதன்மேல் எழுதப்படும் மாற்றங்கள், இயந்திரம் அடுத்த முறை நிறுத்தி இயக்கப்படும்போது நீங்கிவிடும். பயிற்சி வகுப்புகளில் ஒவ்வொரு நாளும் புதிய நிலையிலிருந்து தொடங்க இது உதவும்.

ஒரே அடையாளம் கொண்ட இயந்திரங்கள்

ஒரு தாய் வட்டிலிருந்து தோன்றும் இயந்திரங்கள் அதன் அடையாளங்களையும் அப்படியே பெறுகின்றன. கணினிப் பெயர் ஒன்றாக இருந்தால் வலையமைப்பில் முரண்பாடு எழும். விண்டோஸில் ஒவ்வொரு நிறுவலுக்கும் எஸ்ஐடி எனப்படும் பாதுகாப்பு அடையாள எண் உண்டு. சிஸ்பிரெப்பின் பொதுமையாக்கல் இவ்வடையாளங்களை நீக்கி, ஒவ்வொரு சேய் இயந்திரமும் முதல்முறை தொடங்கும்போது புதியவற்றைப் பெறச் செய்கிறது.

ஒரே எஸ்ஐடி இருப்பது எல்லா நிலைகளிலும் தீங்கு விளைவிக்கும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. எஸ்ஐடியை மாற்றுவதற்கென நியூஎஸ்ஐடி என்னும் கருவியை உருவாக்கிய மார்க் ருசினோவிச்சே, 2009-இல் அக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்கி அக்கருவியை விலக்கிக்கொண்டார். எனினும் படியெடுத்த விண்டோஸுக்குச் சிஸ்பிரெப் செய்வதே மைக்ரோசாப்ட் ஏற்கும் முறை. டொமைன் கன்ட்ரோலரும் அதில் இணைய வேண்டிய கணினியும் ஒரே எஸ்ஐடி கொண்டிருந்தால் இணைப்பு தோல்வியடைவது சோதனைக்கூடங்களில் காணப்படும் சிக்கலாகும்.

லினக்ஸ் இயந்திரங்களில் இயந்திர அடையாளக் கோப்பை வெறுமையாக்கவும், எஸ்எஸ்எச் சேவையகத்தின் சாவிகளை நீக்கவும் வேண்டும். அடையாளக் கோப்பை அப்படியே விட்டால், சில லினக்ஸ் வழங்கல்களில் இரு இயந்திரங்களுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும். வலையட்டை முகவரிகள் வெவ்வேறாக இருந்தும் இவ்வாறு நிகழ்வதால் காரணம் எளிதில் புலப்படுவதில்லை. முகவரி கேட்கும் நிரல், வலையட்டை முகவரிக்குப் பதிலாக இயந்திர அடையாளத்திலிருந்து பெற்ற எண்ணை அனுப்புவதே காரணம். விர்ட்-சிஸ்பிரெப் என்னும் கருவி இத்தகைய அடையாளங்களை நீக்கப் பயன்படுகிறது.

இடர்கள்

தாய் வட்டு மாறுதல்: தாய் வட்டை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் நேரடியாக இணைத்து இயக்கினால், கோப்பு எதையும் தொடாவிட்டாலும் இயங்குதளம் பதிவேடுகளை எழுதும். அதனால் சேய் வட்டுகளில் உள்ள தரவு தாய் வட்டோடு பொருந்தாமல் போகும். விஎச்டிஎக்ஸ் வடிவம் இதைக் கண்டறிய ஓர் ஏற்பாடு கொண்டுள்ளது. தாய் வட்டில் தரவு எழுதப்பட்டால் அதன் அடையாள எண் மாறும். சேய் வட்டில் குறிக்கப்பட்ட எண்ணோடு அது ஒத்துப்போகாததால், ஹைப்பர்-வி சேய் வட்டைத் திறக்க மறுக்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்து மீண்டும் இணைக்கவும் வழியுண்டு. ஆனால் தாய் வட்டின் தரவு உண்மையில் மாறியிருந்தால் அது சேதத்தை மறைப்பதாகவே முடியும். க்யூகவ்2 வடிவத்தில் தாய் வட்டின் பெயர் மட்டுமே குறிக்கப்படுகிறது. எனவே தாய் வட்டு மாறினாலும் எச்சரிக்கை ஏதும் வராது. இயந்திரம் தொடங்கிய பின்னரே கோப்புகள் சிதைந்திருப்பது தெரியவரும்.

தாய் வட்டை நகர்த்துதல்: கோப்பின் பெயரோ இடமோ மாறினால் சேய் வட்டுகளால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். இதில் தரவுக்குச் சேதமில்லை. பழைய இடத்துக்கே கொண்டுவந்தாலோ, புதிய இடத்தைச் சேய் வட்டில் குறித்தாலோ சரியாகிவிடும்.

இடம் தீர்ந்துபோதல்: ஒவ்வொரு சேய் வட்டும் தன் உச்ச அளவு வரை வளரக்கூடியது. எட்டு இயந்திரங்களுக்குத் தலா 60 ஜிபி என வாக்களிக்கப்பட்டிருந்தாலும், புரவலர் கணினியில் 480 ஜிபி இருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் ஒருசேர வளர்ந்தால் புரவலரின் வட்டு நிரம்பிவிடும். அப்போது எழுத இடமில்லாத இயந்திரங்கள் இடைநிறுத்தப்படும். ஒன்றின் வளர்ச்சி மற்றவற்றையும் நிறுத்திவிடும் என்பதால், புரவலரில் காலியிடத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

நீண்ட சங்கிலி: சேய் வட்டையே தாயாகக் கொண்டு இன்னொரு சேய் வட்டை உருவாக்கலாம். இயங்குதளம் ஒரு படி, அதன்மேல் தரவுத்தள மென்பொருள் ஒரு படி, அதன்மேல் சோதனை இயந்திரம் என்று அடுக்குவது வசதியானதுதான். ஆயினும் படிகள் கூடக்கூட ஒரு தொகுதியைத் தேடப் பல கோப்புகளைப் பார்க்க நேரிடும். இடையில் ஒரு கோப்பு கெட்டாலும் அதற்கு மேலுள்ள அனைத்தும் கெடும். ஸ்னாப்ஷாட், செக்பாயிண்ட் ஆகியவையும் உள்ளுக்குள் இதே முறையில் இயங்குவதால், அவற்றை எடுக்கும்தோறும் சங்கிலி நீளும்.

காப்புப் பிரதி: சேய் வட்டை மட்டும் படியெடுத்து வைப்பது காப்பு ஆகாது. தாய் வட்டின் பிரதியும் உடன் இருக்க வேண்டும். முழுப் பிரதிகள் எட்டு இருந்தால் வட்டின் ஒரு பகுதி பழுதாகும்போது ஓர் இயந்திரம் கெடும். இணைக்கப்பட்ட வட்டுகளில் பழுது தாய் வட்டில் நேர்ந்தால் எட்டும் கெடும். ஆதலால் தாய் வட்டின் ஒரு பிரதியை வேறொரு வட்டில் வைத்திருப்பது மிச்சமான இடத்திலிருந்து செலவிடத்தக்க முதற்செலவாகும்.

இணைத்தலும் பிரித்தலும்

சேய் வட்டின் மாற்றங்களைத் தாய் வட்டில் சேர்த்து ஒன்றாக்குவது இணைத்தல் எனப்படும். தாய் வட்டுக்கு ஒரே சேய் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யலாம். பல சேய் வட்டுகள் இருக்கையில் ஒன்றைத் தாயோடு இணைத்தால் தாய் வட்டு மாறிவிடுகிறது. அதனால் மற்ற சேய்கள் அனைத்தும் பயனற்றவையாகும். சோதனைக்கூடங்களில் எளிதில் நேரக்கூடிய, மீட்க முடியாத தவறு இது. ஹைப்பர்-வியின் வட்டைத் திருத்தும் வழிகாட்டி, தாய் வட்டோடு இணைக்கவா, புதிய வட்டாக உருவாக்கவா என்று கேட்கும். புதிய வட்டாக உருவாக்கினால் தாயும் சேயும் மாறாமல் இருக்க, இரண்டின் உள்ளடக்கமும் கொண்ட தனித்த வட்டு ஒன்று கிடைக்கும். அதற்குரிய முழு இடமும் தேவைப்படும்.

கியூஎமுவில் சேய் வட்டை ஒரு தாயிலிருந்து இன்னொரு தாய்க்கு மாற்றும் வசதி உண்டு. பாதுகாப்பான முறையில் செய்தால், பழைய தாய்க்கும் புதிய தாய்க்கும் உள்ள வேறுபாடுகள் சேய் வட்டில் படியெடுக்கப்படும். இயந்திரம் காணும் உள்ளடக்கம் மாறாது. மற்றொரு முறை தாயின் பெயரை மட்டும் மாற்றி எழுதும். தாய் வட்டின் இடம் மாறியிருந்து, உள்ளடக்கம் மாறாதிருந்தால் மட்டுமே அது பொருந்தும். புதிய புதுப்பிப்புகள் கொண்ட தாய் வட்டுக்குப் பழைய சேய் வட்டை இவ்வாறு பெயரளவில் மாற்றினால் கோப்பு முறைமை சிதையும். புதுப்பித்த தாய் வட்டின் பயனைப் பெற, அதன்மேல் புதிய சேய் வட்டுகளைத் தொடங்குவதே வழி.

பிற முறைகளுடன் ஒப்பீடு

விரிவடையும் வட்டு, எழுதப்பட்ட அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும். ஆனால் அது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இயங்குதளத்தை முழுதாகவே வைத்திருக்கும். இணைக்கப்பட்ட வட்டு அந்த மீள்பதிவையும் நீக்குகிறது.

மீள்பதிவு நீக்கம் என்னும் சேமிப்பக வசதி, ஒரேமாதிரியான தரவுத் தொகுதிகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும். இயந்திரங்கள் தனித்தனியே புதுப்பிக்கப்பட்டாலும் அதன் பயன் தொடரும். அதற்குப் புரவலர் கணினியின் செயலித் திறனும் நினைவகமும் கூடுதலாகத் தேவை. பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் பிரதியை, தரவைப் படியெடுக்காமல் உடனே உருவாக்க முடியும். அவ்வாறு பெற்ற பிரதிகளில் ஒன்றை மாற்றுவதோ அழிப்பதோ மற்றொன்றைப் பாதிக்காது. இணைக்கப்பட்ட வட்டின் முதன்மைக் குறை இங்கு இல்லை. ஆனால் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றினால் பகிர்வு நீங்கி முழு இடம் தேவைப்படலாம்.

டாக்கர் போன்ற கொள்கலன் மென்பொருள்கள் மாறாத அடுக்குகளின்மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கு ஒன்றை வைக்கும் இதே கருத்தைக் கோப்பு அளவில் கையாளுகின்றன.

ஏற்ற இடங்களும் ஏலா இடங்களும்

பயிற்சி வகுப்பு, மென்பொருள் சோதனை, தீநிரல் ஆய்வு, தேர்வுக்கான தனிப்பயிற்சி ஆகியவற்றுக்கு இணைக்கப்பட்ட வட்டுகள் ஏற்றவை. இவை அனைத்திலும் இயந்திரம் கெட்டால் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

நாள்தோறும் எழுதப்படும் முதன்மைத் தரவு உள்ள சேவையகங்களுக்கும், ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டியவற்றுக்கும் இம்முறை ஏற்றதன்று. தரவுத்தளம் போன்று மிகுதியாக எழுதும் பயன்பாட்டைச் சோதிக்க வேண்டுமெனில், இயங்குதளத்துக்கு மட்டும் சேய் வட்டைப் பயன்படுத்தி, தரவுக்கெனத் தனியாக இரண்டாவது வட்டு ஒன்றை இணைப்பது வழக்கம். டொமைன் கன்ட்ரோலராக மாற்றப்பட்ட இயந்திரத்தைத் தாய் வட்டாகக் கொள்வதும் தவிர்க்கப்பட வேண்டியது. பொதுவான சேவையகத் தாய் வட்டிலிருந்து சேய் இயந்திரத்தை உருவாக்கி, அதன்பின் அதை டொமைன் கன்ட்ரோலராக மாற்றுவதே முறையான வரிசை.

சேய் வட்டு இடத்தை மிச்சப்படுத்துவதுபோல் உரிமத்தை மிச்சப்படுத்துவதில்லை. வட்டில் இயங்குதளம் ஒரு முறையே பதிந்திருந்தாலும், இயங்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் உரிம விதிகளின்படி தனி நிறுவலாகவே கருதப்படும். கட்டற்ற இயங்குதளங்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.